காவல்காரனுக்குக் காவல்

ஆலங்காயத்தில் பிறந்து, மெட்ராஸில் கம்ப்யூட்டர் படித்து, மறுபடியும் ஜவ்வாது மலைக்கே ஏறி வந்தவன் அருணகிரி. விஞ்ஞானத்துக்குத் தொண்டு செய்ய வந்ததாக ஆபீஸில் சொல்லிக்கொண்டான். உண்மையில் பெண்டாட்டிக்காக வந்தான். இதை அவனே ஒப்புக்கொள்வான், ஆனால் யாராவது ரொம்பக் கிண்டினால்தான்.

மணியம்மாள் நெல்லிவாசல்நாட்டுப் பக்கம் துணை சுகாதார நிலையத்தில் நர்ஸ். கல்யாணமான நாளிலிருந்து அவள் மலையில், அவன் மெட்ராஸ் தலைமை ஆபீஸில். அவளுக்குக் கீழே மாற்றல் கிடைக்க வழியில்லை. அந்த மலைக்கு வரத் தயாராக வேறு நர்ஸ் யாரும் இல்லை. ஆகவே இவன் மூளையைக் கசக்கினான். மலை மேல் இருந்த தொலைநோக்கி நிலையத்துக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதை ஓட்டுவதற்கான ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை நாமே எழுதலாம், வெளிநாட்டில் காசு கொட்டி வாங்க வேண்டியதில்லை, அதற்கு நான் அங்கேயே தங்கினால் போதும் என்று மேலிடத்தில் போய் மார்தட்டினான். மார்தட்டுவதில் அவன் எப்போதும் குறை வைத்ததில்லை. அனுப்பிவிட்டார்கள்.

அது எண்பத்து மூன்றாம் வருடம். ஒரு வருடத்துக்கும் மேலாக இருவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். சாயங்காலம் அவள் கஷாய வாசனையும் டெட்டால் வாசனையுமாக வருவாள். இவன் கம்ப்யூட்டரை இரவு வேலைக்காரர்களிடம் ஒப்படைத்துவிட்டு வருவான். சாமைச் சோறும் புளிக்குழம்பும் சாப்பிட்டுக்கொண்டே இவன் தன் சாமர்த்தியத்தைச் சொல்வான், அவள் கொட்டாவி விடுவாள். இதைவிட நல்ல வாழ்க்கை வேறு இருப்பதாக அருணகிரிக்குத் தோன்றியதே இல்லை.

அந்த வாழ்க்கைக்குத்தான் இப்போது வேட்டு வைக்க ஆள் வந்துகொண்டிருந்தது. மெட்ராஸிலிருந்து தலைமை இன்ஜினீயர் தங்கவேல் வந்து சிஸ்டத்தைச் சோதிப்பார். திருப்தியானால் அது நிரந்தரம், அதைப் பார்த்துக்கொள்ள அருணகிரியும் நிரந்தரம். இல்லையென்றால் சிஸ்டத்தோடு சேர்ந்தே வரும் வெளிநாட்டுக் கம்ப்யூட்டர் பெட்டி ஒன்றை வரவழைத்துவிட்டு, இவனை மெட்ராஸுக்கு மூட்டை கட்டச் சொல்வார்கள்.

தங்கவேல் என்ன கேட்பார் என்பதும் தெரிந்ததே. தொலைநோக்கியின் மேல் கவிழ்த்து வைத்தது போன்ற உருண்டைக் கூரையை அங்கே டோம் என்பார்கள். வானத்தில் எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமோ அந்தப் பக்கம் டோமைத் திருப்ப ஒரு மோட்டார் உண்டு. மோட்டாரைத் தொடங்குவதும் நிறுத்துவதும் கம்ப்யூட்டர் வேலை. தொடங்குவதெல்லாம் ஒழுங்குதான். நிற்கும்போது மட்டும் டோம் சில நாள் குறித்த இடத்தைத் தாண்டிப் போய் நின்றது. ஏன் என்று பார்க்க அருணகிரி ஒரு கருவி எழுதியிருந்தான். அதுதான் அவனுடைய பெருமை, அதுதான் அவன் காலை வாரியதும்.

கம்ப்யூட்டருக்குள்ளே டிரேஸ் பிட் என்று ஒரு சின்னச் சங்கதி உண்டு. அதைப் போட்டுவிட்டால், புரோகிராம் ஒவ்வொரு கட்டளையை முடித்ததும் இயந்திரம் தானாக நின்று, நாம் எழுதி வைத்த ஒரு பகுதியைக் கூப்பிடும். அந்தப் பகுதிக்கு அருணகிரி காவல்காரன் என்று பெயர் வைத்திருந்தான். காவல்காரன் வந்து, இப்போது எங்கே நிற்கிறோம், கையில் என்ன கணக்கு இருக்கிறது என்று டைப்ரைட்டர் போன்ற ஒரு அச்சு இயந்திரத்தில் ஒரு வரி அடித்துவிட்டு, புரோகிராமை அடுத்த கட்டளைக்கு அனுப்புவான். இப்படி அடி அடியாக நடத்திப் பார்த்தால் எந்த இடத்தில் தவறு என்று பிடித்துவிடலாம்.

இதில் ஒரே ஒரு விதிதான் முக்கியம். எல்லாப் புரோகிராம்களையும் மேய்க்கும் நடுப் புரோகிராமுக்குக் கெர்னல் என்று பெயர். மோட்டாரை ஓட்ட வேண்டுமா, ஒரு வரி அச்சடிக்க வேண்டுமா, எல்லோரும் அதனிடம்தான் போய் நிற்க வேண்டும். அப்படி ஒரு புரோகிராம் கெர்னலின் வாசலுக்குள் நுழைந்தால், டிரேஸ் பிட்டை வாசலிலேயே கழற்றி வைத்துவிட வேண்டும். உள்ளே வேலை முடிந்து வெளியே வரும்போது திரும்ப மாட்டிக்கொள்ளலாம். கெர்னல் பாதி வேலையில் இருக்கும்போது அதை நிறுத்திக் கேள்வி கேட்கக் கூடாது. இயந்திரத்தோடு வந்த புத்தகத்தில் இதைத் தடித்த எழுத்தில் போட்டிருந்தார்கள். அருணகிரி அதை அடிக்கோடிட்டும் வைத்திருந்தான்.

முதலில் ஒழுங்காகத்தான் எழுதினான். காவல்காரன் கெர்னலிடம் போகாமல், தானே நேரடியாக அச்சு இயந்திரத்தைத் தட்டி வரியை அடித்துவிட்டுப் போனான். வரி கோணலாக இருந்தது, எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக உட்காரவில்லை, ஆனால் வேலை நடந்தது.

தங்கவேல் வருவதற்கு முந்தின நாள்தான் அவனைச் சனி பிடித்தது. பெரிய மனிதர் கோணல் வரியைப் பார்த்தால் என்ன நினைப்பார்? கெர்னல் வழியாக அச்சடித்தால் வரி அழகாக வருமே. ஆகவே காவல்காரனையும் கெர்னல் வாசலுக்கு அனுப்பினான். அதோடு விட்டிருந்தாலும் பிழைத்திருப்பான். அச்சடிக்கும் வாசலை மட்டும் திறந்து, உள்ளே தன் கெர்னல் எவ்வளவு சுத்தமாக வேலை செய்கிறது என்பதையும் அடி அடியாகக் காட்டினால் மனிதர் சொக்கிப் போவாரே என்று தோன்றிவிட்டது. அந்த ஒரு வாசலில் டிரேஸ் பிட்டைக் கழற்ற வேண்டாம், போட்டே வை என்று மாற்றினான். தனித்தனியாக இரண்டையும் சோதித்தான். இரண்டும் சரியாக இருந்தன. இரண்டையும் சேர்த்துச் சோதிக்கவில்லை. பொழுது சாய்ந்துவிட்டது, கம்ப்யூட்டரை ஒப்படைக்க வேண்டும், தவிர அருணகிரி எழுதியது தப்பாகுமா என்ன?

மறுநாள் முற்பகல் தங்கவேல் ஜீப்பில் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர். சிரிக்கவும் மாட்டார், முறைக்கவும் மாட்டார். டீ குடித்ததும், மோட்டாரையும் பல்சக்கரத்தையும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்றார். அதற்கு டோமின் உட்புறம் ஒரு மேடை உண்டு. ஏணியும் மேடையும் டோமோடு சேர்ந்தவை, டோம் திரும்பினால் அவையும் திரும்பும். டோம் மெக்கானிக் சடையன், அந்த மலைக்காரர், தினமும் கிரீஸ் டப்பாவோடு அதில் ஏறி இறங்குபவர். அவர் தங்கவேலைக் கைபிடித்து ஏற்றிவிட்டுத் தானும் பக்கத்தில் நின்றார். வெளிச்சத்துக்காக ஒரு பல்பை மேடைக் கம்பியில் கட்டி, அதன் ஒயரைக் கீழே சுவரில் செருகியிருந்தார்கள். கொஞ்சம்தானே திரும்பப் போகிறது என்று யாரும் அதைப் பிடுங்கவில்லை.

தங்கவேல் மேலிருந்தே உத்தரவு கொடுத்தார். டோமைக் கொஞ்சம் நகர்த்த வேண்டும், தொடங்கும் பகுதியைச் சாதாரணமாக ஓட விட்டு, நிறுத்தும் பகுதியை மட்டும் அடி அடியாக நடத்த வேண்டும். பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருந்த அருணகிரி, மணமேடையில் உட்கார்ந்தவன் போல முதுகை நிமிர்த்திக்கொண்டு கட்டளையைத் தட்டினான்.

டோம் நகர ஆரம்பித்தது. புரோகிராம் நிறுத்தும் பகுதிக்கு வந்தது. முதல் கட்டளை முடிந்தது, காவல்காரன் எழுந்தான். வரியடிக்கக் கெர்னல் வாசலுக்குப் போனான். அந்த வாசலில் டிரேஸ் பிட் போட்டபடி இருந்தது. உள்ளே ஒரு கட்டளை முடிந்ததுமே, யாரோ நடக்கிறார்களே என்று காவல்காரனை மறுபடி கூப்பிட்டது இயந்திரம். அவன் வந்து, அதைப் பற்றி வரியடிக்க அதே வாசலுக்குப் போனான். மறுபடி கூப்பிட்டது. தன் செருப்புச் சத்தத்தையே திருடன் சத்தம் என்று நினைத்து வீட்டைச் சுற்றி ஓடுகிறவன் கதைதான். ஒரு வரிகூட அச்சாகவில்லை. ஒவ்வொரு முறையும், திரும்பிப் போக வேண்டிய இடத்தை மட்டும் நினைவகத்தில் குறித்து வைத்துக்கொண்டே போனான். குறிப்புகள் பெருகிப் பெருகிக் கெர்னலின் மேலேயே ஏறி அதை அழித்துவிட்டன. டோமை நிறுத்து என்று சொல்ல வேண்டிய ஆளே காலி.

இதெல்லாம் கண் இமைக்கும் நேரத்தில் முடிந்துவிட்டது. அருணகிரிக்கு இதொன்றும் தெரியாது. கம்ப்யூட்டரின் முன்பலகையில் விளக்குகள் எல்லாம் ஒரே நிலையில் எரிவதைப் பார்த்து, அடடா, என்னமாக யோசிக்கிறது என்று ரசித்துக்கொண்டிருந்தான். பிறகு விசைகளைத் தட்டிப் பார்த்தான். பதில் இல்லை. அப்போதுதான் பக்கத்து அறையில் டோமின் கடமுட சத்தம் நிற்காமல் கேட்டுக்கொண்டிருப்பது காதில் விழுந்தது.

ஓடிப்போய்ப் பார்த்தான். தலைமை இன்ஜினீயர் தங்கவேல், கோயில் தேரில் உற்சவர் மாதிரி, ஆடாமல் அசையாமல் வலம் வந்துகொண்டிருந்தார். அதைப் பார்த்து அருணகிரிக்குச் சிரிப்பு வந்ததுதான் கொடுமை. சிரிப்பு பாதியிலேயே செத்தது. பல்பின் ஒயர் மேடைக் கம்பியில் சுற்றிச் சுற்றி விறைத்துப் போயிருந்தது. கம்பி வளைய ஆரம்பித்திருந்தது. சடையன் தங்கவேலைச் சுவரோரமாக இழுத்து அணைத்துக்கொண்டு, ஒரு கையால் ஒயரைத் தள்ளிப் பிடித்திருந்தார். அருணகிரி சுவரிலிருந்த பெரிய சுவிட்சை இரண்டு கையாலும் இழுத்தான். டோம் முனகிக்கொண்டே நின்றது.

பிறகு சடையன் மேலிருந்தே, மோட்டாரைப் பழித்துக்கொள்வது போல, வழக்கமான சமாதானத்தைச் சொன்னார்.

"ஓல்டேஜ் சார். இந்த மலைல எப்பவும் இப்டிதான். ஏறுது, எறங்குது."

மலையில் எது கெட்டாலும் பழி வோல்டேஜ் மேல்தான். ரேடியோ கரகரத்தால் வோல்டேஜ், அரைக்கும் மெஷின் நின்றால் வோல்டேஜ். ஒரு பயல் சந்தேகப்பட மாட்டான். பாதிக்கு மேல் உண்மையாகவும் இருக்கும். தங்கவேலும் தலையை ஆட்டினார். மின்சார வாரியத்தைப் பற்றி ஏதோ முணுமுணுத்தார். சடையன் ஒயரைப் பிரித்தெடுத்து மறுபடி கட்டினார். அருணகிரிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வோல்டேஜ் என்று அவனும் வாயைத் திறந்து சொல்லக்கூட வேண்டியதில்லை, சும்மா இருந்தாலே போதும். ராத்திரிக்குள் அந்தப் பிட்டைச் சத்தம் போடாமல் சரி செய்துவிட்டால் ஊருக்கும் தெரியாது, மணியம்மாளுக்கும் தெரியாது. வாழ்க்கையில் முதல் முறையாக வாயை மூடிக்கொண்டிருப்பதன் சுகம் அவனுக்குப் புரிந்தது.

"சரி, வோல்டேஜ் இப்ப நிதானமா இருக்கற மாதிரி தெரியுது. இன்னொரு தரம் ஓட்டு. நாங்க இங்கயே நிக்கறோம்" என்றார் தங்கவேல்.

அருணகிரி நகரவில்லை. மூளை மட்டும் தறிகெட்டு ஓடியது. சிஸ்டத்தைத் திரும்ப ஏற்றும் சாக்கில் முன்பலகை விசைகளால் அந்தப் பிட்டை மாற்றிவிடலாம். யாருக்குத் தெரியும்? மாற்றினால் சரியாகிவிடும். நிச்சயமாகச் சரியாகிவிடும். இந்த நிச்சயமாக என்ற வார்த்தை வந்ததும்தான் அவனுக்கு உறைத்தது. நேற்றும் இதே நிச்சயம்தான் இருந்தது. வேறு எந்த வாசலில் வேறு என்ன அழகு பார்த்து வைத்திருக்கிறானோ, அந்த மேதைக்கே வெளிச்சம். மேலே பார்த்தான். சடையன் வளைந்த கம்பியைக் கையால் நிமிர்த்திக்கொண்டிருந்தார். இவன்மேல் அவருக்குச் சந்தேகமே இல்லை. மெட்ராஸ் லாட்ஜ் அறையில் தனியாகப் படுத்திருந்த ராத்திரிகளெல்லாம் அருணகிரிக்கு நினைவு வந்தன. அழுகை வரும்போல் இருந்தது.

"எறங்குங்க சார். ரெண்டு பேரும் எறங்கிடுங்க. ஓல்டேஜ் இல்ல சார். நான்தான்."

தங்கவேல் இறங்கினார். என்ன ஏது என்று கேட்டார். அருணகிரி வாசலையும் டிரேஸ் பிட்டையும் காவல்காரனையும் பற்றிச் சொன்னான். அவர் இடையில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார், கெர்னலுக்குள் ஏன் பிட்டைப் போட்டாய் என்று. வரி அழகாக வரட்டும் என்றும், கெர்னலை உங்களுக்குக் காட்ட வேண்டும் என்றும் ஆசைப்பட்டேன் சார் என்றான். உலகத்தில் இதைவிட அசட்டுப் பதில் ஒன்றை யாராவது மேலதிகாரிக்குச் சொல்லியிருக்க முடியுமா என்று சொல்லும்போதே யோசித்தான். சடையன் மரியாதைக்காக வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோள் குலுங்கியது.

எல்லாரையும் வெளியே நிறுத்திவிட்டு, சிஸ்டத்தைத் திரும்ப ஏற்றி, பழையபடி எழுதினான். கெர்னலின் எல்லா வாசலிலும் பிட்டைக் கழற்ற வைத்தான். காவல்காரன் யாரிடமும் போகாமல் தானே கோணலாக அடித்துக்கொண்டான். ஆளில்லாத டோமை ஓட்டினான். கொஞ்சம் நகர்ந்தது, வரி வரியாக அடித்தது. அந்த வரிகளிலேயே பழைய தவறும் பல்லைக் காட்டியது. நில் என்ற கட்டளையைப் புரோகிராம் தன் கணக்கில் ஒரு சுற்று தாமதமாகக் கொடுத்துக்கொண்டிருந்தது. அதையும் எழுதியவன் அருணகிரிதான். தங்கவேல் கோணல் வரிகளை நிதானமாகப் படித்துப் பார்த்தார். பிறகு ஜீப்பில் ஏறி உட்கார்ந்துகொண்டு முடிவைச் சொன்னார்.

"இத நம்பி டோம்ல ஆள ஏத்த முடியாது. வெளிநாட்டுப் பெட்டிக்கு நான் சிபாரிசு பண்றேன். அது வந்து சேர்ற வரைக்கும் இத நீதான் ஓட்டணும். அதுவரைக்கும் நீ மலைய விட்டு இறங்கக் கூடாது."

ஜீப் போய்விட்டது. அருணகிரிக்கு வெளிநாட்டுப் பெட்டி என்ற இடத்திலேயே காது அடைத்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் தண்டனையின் மேல் போட்ட முத்திரையாகத்தான் கேட்டது. சடையன் ஒரு பீடியை நீட்டினார். பழக்கமில்லாதவன் அதை வாங்கிப் பற்றவைத்து, இருமி, அதிலும் தோற்றான்.

சாயங்காலம் துணை சுகாதார நிலையத்துக்கு நடந்தே போனான். மணியம்மாள் ஊசிகளைக் கொதிக்கிற தண்ணீரிலிருந்து எடுத்துத் தட்டில் வைத்துக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைப் பார்த்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டாள். பொதுவாக நோயாளிகளுக்குத்தான் அப்படிச் செய்வாள். அவன் ஆதியோடந்தமாகச் சொன்னான். தங்கவேல் உற்சவரான இடத்தில் அவள் தட்டைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தாள். ஒயர் விறைத்த இடத்தில் சிரிப்பை நிறுத்தினாள். வோல்டேஜ் என்று சொல்லிவிட்டு வந்திருக்கலாம், உனக்காகவாவது சொல்லியிருக்க வேண்டும், என்னை மன்னித்துவிடு என்றான்.

"சொல்லிட்டு வந்திருந்தா, இந்நேரம் சடையன் இந்தக் கட்டில்ல கெடந்திருப்பாருங்க. நான்தான கட்டுப் போட்டுனு இருப்பேன்?" என்றாள்.

அவன் மூட்டை கட்டுவதைப் பற்றி ஆரம்பித்தான். வாராவாரம் வாணியம்பாடி வரைக்கும் ரயிலில் வந்து, பஸ் பிடித்து, ஜீப் கிடைத்தால் ஏறி, கிடைக்காவிட்டால் நடந்து வந்துவிடுவதாகச் சத்தியம் செய்தான். அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆனால் அவள் கேட்டது வேறு.

"அவரு இன்னா சொன்னாரு? அப்டியே சொல்லுங்க, உங்க சரக்கு சேக்காம."

"பெட்டி வர்ற வரைக்கும் நான்தான் ஓட்டணுமாம். அதுவரைக்கும் மலைய வுட்டு எறங்கக் கூடாதாம்."

"பெட்டி எங்கேர்ந்து வரணும்?"

"அமெரிக்காலேர்ந்து."

"யாரு பர்மிஷன் தரணும்?"

"டெல்லிலதான். நம்ம ஆபீஸ் கேக்கணும், அவங்க இன்னொரு ஆபீஸக் கேக்கணும், அவங்க டாலருக்கு வேற எடத்துல..."

சொல்லிக்கொண்டே வந்தவன் நின்றான். மணியம்மாளின் முகத்தில் ஏதோ நடந்துகொண்டிருந்தது.

"எங்க சென்டருக்குத் தடுப்பூசி வைக்க ஒரு குளிர்பெட்டி கேட்டு எழுதினேனே, நான் இங்க வந்த புதுசுல. அது அமெரிக்காலேர்ந்து இல்லீங்க. மெட்ராஸ்லேர்ந்து வரணும். இன்னும் வர்ல" என்றாள்.

ஒவ்வொரு கட்டளையையும் நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதற்கென்றே கருவி எழுதியவன், ஜீப்பில் இருந்தவர் சொன்ன நாலே வாக்கியத்தைப் பார்க்காமல் விட்டிருக்கிறான் என்பது அருணகிரிக்கு மெதுவாக ஏறியது. தங்கவேல் அந்த ஆபீஸிலேயே நரைத்தவர். இந்தக் காகிதம் எந்தெந்த மேஜையில் எத்தனை காலம் தூங்கும் என்று அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

"வேணும்னேதான் சொன்னாராம்மா? நாளைக்கு டிரங்க் கால் போட்டுக் கேட்டுப் பாக்கட்டுமா?"

"வாயத் தொறந்தீங்க, அவ்ளோதான். கேட்டா அவரு பதில் சொல்ல வேண்டி வரும். சும்மா கெடங்க."

வெளியே யாரோ மாட்டை ஓட்டிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. மணியம்மாள் அடுப்பை அணைத்தாள். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் வந்து நின்று, அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டாள். அவள் அழுகிறாள் என்று அவனுக்குத் தெரிந்தது. தேற்றுவதற்கு ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தவன், அவளைச் சிரிக்க வைக்கலாமென்று, அந்தப் பெட்டி மட்டும் வந்தால் கெர்னலுக்குள் எட்டிப் பார்க்கவே முடியாது, பூட்டித்தான் அனுப்புவார்கள் என்றான்.

"வரவே வேணாங்க அது" என்றாள் மணியம்மாள்.